ஒரே மனிதர், மூன்று மதங்கள்: மெடலின் ஆல்பிரைட்டின் குடும்ப வரலாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

பிராக் நகரின் பழைய யூதக் குடியிருப்பில் உள்ள பின்கஸ் ஜெப ஆலயத்தில் உட்சுவர் முழுவதும் எழுத்துதான். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமியா, மொராவியா (இன்றைய செக் நாட்டின் இரு பகுதிகள்) யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களை ஊர்வாரியாக, ஊருக்குள் குடும்பவாரியாகக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில் இருக்கும்; அதையடுத்து ஆட்களின் பெயர்களும் தேதிகளும் வரும். 1996 கோடையில், ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கத் தூதராக இருந்த மெடலின் ஆல்பிரைட், அதிபரின் மனைவி ஹிலாரி கிளின்டனோடு அங்கே போனார். பிராக் அவர் பிறந்த ஊர். சுவரைப் பார்த்தார், திரும்பிவிட்டார். அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா அர்னோஷ்ட், பாட்டி ஓல்கா இருவரின் பெயர்களும் அந்தச் சுவரில் இருந்தன. அவற்றைத் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, 1997 பிப்ரவரி 4 அன்று, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் மைக்கேல் டாப்ஸ் என்ற செய்தியாளர் எழுதிய செய்தி வெளியானது. ஆல்பிரைட் வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கத்தோலிக்கராக வளர்ந்த அமைச்சர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அவருடைய தாத்தா பாட்டிகளில் மூவர் யூத இனப்படுகொலையில் மாண்டவர்கள் என்றது செய்தி. அப்போது அவருக்கு வயது 59.

யூத வம்சாவளியைத் தேடுபவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: எல்லாம் எரிந்துவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது. இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அந்த வாக்கியம்தான். இங்கே ஏறத்தாழ எதுவும் எரியவில்லை. பிறப்புப் பதிவு, திருமணச் சான்று, ரயில் பட்டியல், உயிரோடு இருந்த ஒரு சாட்சி என்று எல்லாமே பிராகிலும் அதைச் சுற்றியும் இருந்தன. போய்க் கேட்ட முதல் ஆள் ஒரு வெளியாள்.

வீட்டில் சொன்ன கதை

1937 மே 15 அன்று பிராகில் பிறந்தபோது ஆல்பிரைட்டுக்கு வைத்த பெயர் மரியே யானா. தந்தை யோசெஃப், செக்கோஸ்லோவாக்கியாவின் வெளியுறவுத் துறை அதிகாரி. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது; பத்து நாளில் யோசெஃப் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். லண்டனில் நாடு கடந்த செக் அரசுக்காக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் நாடு திரும்பி, யூகோஸ்லாவியாவுக்குத் தூதரானார். 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. இம்முறை அமெரிக்கா. டென்வர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நம் பக்கத்து வாசகருக்கு ஓர் உபரித் தகவல்: காஷ்மீர்ச் சிக்கலுக்காக ஐ.நா. 1948-இல் அமைத்த இந்திய–பாகிஸ்தான் ஆணையத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிரதிநிதி இதே யோசெஃப்தான். 1954-இல் காஷ்மீரைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இதுதான்: நாங்கள் செக் தேசபக்தர்கள், அரசியல் காரணத்துக்காக ஓடினோம், கத்தோலிக்கர்கள். தாத்தா பாட்டி? போர்க்காலத்தில் இறந்துவிட்டார்கள். போர் முடிந்தபோது எட்டு வயதை எட்டியிருந்த குழந்தைக்கு அந்த விடை போதும். வயதானவர்கள் இறப்பார்கள், அதில் கேட்க என்ன இருக்கிறது?

இந்தக் கதையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசியல் காரணம் உண்மை. யோசெஃப் அதிபர் பெனெஷின் ஆள். போர்க்காலத்தில் இறந்ததும் உண்மை. கத்தோலிக்கர் என்பதும் 1941-இலிருந்து உண்மை. குடும்ப மறைப்புகளில் மிகவும் நீடித்து நிற்பவை இவ்வகைதான். பொய்யை ஒரு நாள் பிடித்துவிடலாம். விட்டுவிட்டுச் சொன்னதைப் பிடிக்க, விடுபட்ட இடம் எதுவென்று முதலில் தெரிய வேண்டும்.

தாள்கள் சொன்ன கதை

யோசெஃப் 1909-இல் கிஷ்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறப்புப் பதிவின்படி யூதர். 1935-இல் பிராகில் அன்னாவை மணந்தபோது திருமணச் சான்றில் இருவருக்கும் எழுதப்பட்டது செக் மொழியில் ‘பெஸ் விஸ்னானி’. மதச்சார்பு இல்லை என்று பொருள். 1941-இல் இங்கிலாந்தில் கணவன், மனைவி, குழந்தை மூவரும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார்கள். முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரைப் பற்றி மூன்று தாள்கள் மூன்று விடை சொல்கின்றன. எதுவும் போலி இல்லை.

வம்சாவளி தேடுபவர் பெரும்பாலும் பின்னோக்கி நடப்பவர். மகளிடமிருந்து தொடங்கினால் முதலில் கைக்குக் கிடைப்பது திருமுழுக்குப் பதிவு; அங்கே கத்தோலிக்கர். அடுத்தது திருமணச் சான்று. அங்கே மதமே இல்லை. இந்த இரண்டாம் படியில் பலர் நின்றுவிடுவார்கள். பொஹீமிய ஆவணங்களோடு பழகியவருக்கோ அதுவே மணி அடிக்கும். இரு போர்களுக்கு இடைப்பட்ட செக் நாட்டில் மதச்சார்பற்றவர் என்று பதிந்தவர்கள் ஏராளம். பெரும்பாலோர் கத்தோலிக்கத்தை விட்டவர்கள், ஆனால் நகரத்துக்கு வந்து படித்து, செக் மொழியிலேயே வாழ்ந்த யூதர்களும் அவர்களில் உண்டு. எனவே இன்னும் ஒரு தலைமுறை பின்னே போய்ப் பெற்றோரின் பதிவைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே ஒரு படி. அதற்குள் விடை இருந்தது.

அதற்கும் பின்னே போனால் வேறு உலகம். யூதர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று இரண்டாம் ஜோசப் பேரரசர் ஆணையிட்டது 1787-இல். அதற்கு முன் இன்னார் மகன் இன்னார் என்பதோடு சரி. அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போட்டு வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பியர்களுக்குத்தான் புரிய வைக்க வேண்டியிருக்கிறது. 1726-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொஹீமியாவில் யூதக் குடும்பங்கள் 8,541-க்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. குடும்பத்தில் மூத்த மகன் ஒருவனுக்கே மணம் செய்யும் உரிமை. அதுவும் தந்தையின் இடம் காலியானால்தான். இளையவர்கள் யூத மதகுருவான ரபியை வைத்து ரகசியமாக மணந்தார்கள், அல்லது ஹங்கேரிப் பக்கம் போனார்கள். ரகசிய மணத்தில் பிறந்த பிள்ளை பதிவேட்டில் முறைகேடாகப் பிறந்தது. தாயின் குடும்பப் பெயரில்தான் எழுதுவார்கள். 1848-49 காலத்தில்தான் இந்த முறை ஒழிந்தது. பொஹீமிய யூதக் குடும்பத்தில் 1830-க்கு முந்தைய கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர், அவருடைய தாயின் பெயரிலும் தேட வேண்டியிருக்கும். பதிவேடுகள் பிராக் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; இப்போது இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். 1997-இல் அந்த வசதி இல்லை. ரயிலேறிப் போக வேண்டும்.

இரண்டு புள்ளிகள்

குடும்பத்தின் பெயர் கேர்பெல். ‘ஓ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உள்ள ஜெர்மன் எழுத்து அது. போருக்குப் பின் யோசெஃப் அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டுக் கொர்பெல் ஆனார். ஜெர்மானியச் சாயல் இருப்பதை யாரும் விரும்பாத காலம். அதனால் இதில் வியப்பில்லை. ஆனால் போரில் இறந்தவர்களின் பட்டியலில் பெயர் பழைய வடிவில்தான் இருக்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

செக் பெண்களின் குடும்பப் பெயருக்கு ‘ஓவா’ விகுதி சேரும். கணவர் கேர்பெல் என்றால் மனைவி கேர்பெலோவா. ஆல்பிரைட்டின் தாய்வழிப் பாட்டி ருஷெனா ஒரு தாளில் ஷ்பீகல், இன்னொரு தாளில் ஷ்பீகலோவா. பேத்தியோ மரியே யானா கேர்பெலோவாவாகப் பிறந்து, வீட்டுச் செல்லப் பெயர் வழியே மெடலினாகி, அமெரிக்காவில் கொர்பெலாகி, 1959-இல் மணம் முடித்து ஆல்பிரைட் ஆனவர். இந்தப் பெயரிலிருந்து அந்தப் பெயருக்குப் போக நான்கு பாலங்கள் வேண்டும்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் மொழியில் கையர்ஸ்பெர்க், செக்கில் கிஷ்பெர்க், 1950-இலிருந்து லெடோஹ்ராட். தற்கால வரைபடத்தில் கிஷ்பெர்கைத் தேடியவர் கைவிரித்திருப்பார்.

ஆட்பெயரைக் கேட்டதும் குலம் சொல்லிவிடும் நம்மூர்ச் சாமர்த்தியம் இங்கே செல்லாது. யோசெஃபின் அண்ணன் பெயர் யான். இரண்டுமே அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஆளுக்கொன்று இருக்கும் பெயர்கள். கிழக்கே போலந்து, உக்ரைன் பக்கத்து யூதச் சிற்றூர்களாக இருந்தால் பெயரே பாதி வேலையை முடித்துவிடும். அஷ்கெனாசி யூதர்களிடம், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்களிடம், இறந்த மூதாதையின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் உண்டு. உயிரோடிருப்பவர் பெயரை வைக்க மாட்டார்கள். தாத்தாவின் பெயரைச் சுமப்பதால் பெயரன், அதுவே பேரன் என்று நாம் சொல்வதற்கு அது மிக அருகில் வருகிறது. தாத்தா கண் மூடியிருக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் நிபந்தனை. ஒரே பெயரில் நான்கு பேரன்கள் 1890-க்குப் பின் பிறந்திருந்தால், தாத்தா எப்போது இறந்தார் என்பதைக் கல்லறையைப் பார்க்காமலே கணிக்கலாம். செக் நகரங்களில் கலந்துபோன யூதர்களிடம் இந்தக் கருவி மழுங்கிவிட்டது.

அத்தை மகள்

டாப்ஸுக்குக் கிடைத்த சாட்சி, பிராகில் வாழ்ந்த ஒரு பெண்மணி. ஆங்கிலச் செய்திகள் அவரைக் ‘கசின்’ என்று எழுதின. வம்சாவளி வேலைக்கு உதவாத சொல்லென்றால் அதுதான்; அப்பா வழியா அம்மா வழியா, அண்ணன் பிள்ளையா தங்கை பிள்ளையா, ஒன்றும் தெரியாது. நாம் சொன்னால் ஒரே சொல்லில் முடியும்: அத்தை மகள். யோசெஃபின் உடன்பிறந்தவளுக்குப் பிறந்தவர்.

1939-இல் யூதக் குழந்தைகளைப் பிராகிலிருந்து ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சி நடந்தது. நிக்கலஸ் வின்டன் என்ற இளம் ஆங்கிலேயப் பங்குத்தரகர் அதில் முன்னின்றார்; காப்பாற்றப்பட்ட குழந்தைகள் 669 பேர். அந்த ரயில்களில் ஒன்றில் இந்தச் சிறுமியும் வந்தார். இங்கிலாந்தில் மாமா யோசெஃபின் வீட்டில் வளர்ந்தார். இவருடைய தாய், தந்தை, தங்கை மூவரும் திரும்பவில்லை. 1948-இல் மாமா குடும்பம் அமெரிக்கா போனபோது இவர் பிராகிலேயே தங்கிவிட்டார்.

அதாவது, குட்டி மெடலினோடு ஒரே வீட்டில் இருந்த அத்தை மகளுக்குப் பெற்றோர் இல்லை, தங்கை இல்லை. அந்த வீட்டில் இதைப் பற்றிய கேள்வி எழவே இல்லை என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் நிறுத்திவைத்த இடம். பெரியவர்கள் பேசாத ஒன்றைப் பிள்ளைகளும் தொடுவதில்லை. அந்த மௌனம் எப்படி வேலை செய்யும் என்பது நம் வீடுகளிலும் தெரிந்ததுதான். திண்ணையில் ஒரு பெயர் வந்ததும் பேச்சு மழைக்கு மாறும்.

வம்சாவளி வகுப்புகளில் முதல் பாடமாகச் சொல்வார்கள்: காப்பகத்துக்குப் போகுமுன் உயிரோடிருக்கும் மூத்த உறவினரிடம் பேசு. டாப்ஸ் காப்பகத்துக்கும் போனார், அவரிடமும் பேசினார். தாள் தேதியைத் தந்தது. எந்தத் தேதி யாருடையது, யார் யாருக்கு என்ன உறவு என்பதை அந்தப் பெண்மணி தந்தார்.

தெரெசின் தந்த தேதிகள்

செய்தி வந்த அதே மாதம் ஆல்பிரைட்டின் தம்பியும் தங்கையும் செக் குடியரசுக்குப் போய்த் தேடினார்கள். மூவருமாகச் சேர்த்த சித்திரம் இது. அர்னோஷ்டும் ஓல்காவும் 1942 ஜூலை இறுதியில் பிராகிலிருந்து, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அர்னோஷ்ட் அந்தச் செப்டம்பரிலேயே அங்கே இறந்தார். ஓல்கா இரண்டு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார். தெரெசினிலிருந்து ஆஷ்விட்ஸுக்குக் கடைசி ரயில் புறப்பட்டது அதே அக்டோபர் 28 அன்று. தாய்வழிப் பாட்டி ருஷெனா 1942 ஜூனில் அனுப்பப்பட்டவர். தாய்வழித் தாத்தா போருக்கு முன்பே இயற்கையாக இறந்துவிட்டார். அத்தை, அத்தையின் கணவர், இளைய மகள், பெரியப்பா சித்தப்பா முறையினர் என்று எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

இவ்வளவு துல்லியமாகத் தேதி கிடைப்பதற்குக் காரணம் கொலையாளிகளின் அலுவலக ஒழுங்கு. தெரெசினுக்குச் சுமார் 1,40,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஏறத்தாழ 33,000 பேர் அங்கேயே மாண்டார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் எழுத்துக் குறியீடு உண்டு, ஒவ்வோர் ஆளுக்கும் அந்த ரயிலுக்குள் ஓர் எண். கெட்டோவில் இறந்தவர்களுக்கு இறப்பு அறிவிப்புப் படிவம் நிரப்பினார்கள். பிறந்த தேதி, ஊர், கடைசி முகவரி, இறப்புக்குக் காரணமான நோய், பெற்றோர், கெட்டோவிலேயே இருக்கும் உறவினர் என்று கட்டம் கட்டமாக. வம்சாவளிக்காரருக்கு அது தங்கச் சுரங்கம். அப்படிச் சொல்லும்போதே நாக்கு கூசுகிறது, ஆனால் உண்மை. ஒரே தாளில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். இப்படிவங்களில் பெரும்பகுதி இப்போது செக் நாட்டின் படுகொலை ஆவண இணையதளத்தில் பெயர் தட்டினால் படமாகவே வருகிறது. பெயர் விவரங்களைத் தொகுத்த நினைவுப் புத்தகம் 1995-இலேயே அச்சாகியிருந்தது.

ஆஷ்விட்ஸுக்குப் போனவர்களுக்கு அப்படிவம் கிடையாது. ரயில் பட்டியலோடு தாள் முடிந்துவிடும். இதனால் வரும் பிழையைப் பல குடும்ப மரங்களில் பார்க்கலாம்: பின்கஸ் சுவரிலும் பட்டியலிலும் பெயருக்கு எதிரே இருக்கும் இரண்டாவது தேதியை அப்படியே இறந்த தேதி என்று எழுதிவிடுகிறார்கள். கெட்டோவில் இறந்தவருக்கு அது இறந்த நாள். மற்றவர்களுக்கு அது ரயில் ஏறிய நாள். உயிரோடு இருந்ததற்குக் கடைசிச் சான்று, அவ்வளவே.

இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனத்தில் சாட்சியப் பக்கங்கள் என்ற தொகுப்பு உண்டு. இறந்தவரைப் பற்றி உறவினரோ நண்பரோ நிரப்பித் தரும் படிவம். அதில் அடியில் கையெழுத்திட்டவரின் பெயரும் உறவும் இருக்கும். தெரியாத உறவினரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் யாராவது நிரப்பினால்தான் பக்கம் உண்டு. பேசாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் அங்கே வெற்றிடமாகவே இருக்கும். ஜெர்மனியின் பாட் ஆரோல்சனில் உள்ள, நாஜிகளால் பாதிக்கப்பட்டோர் பற்றிய காப்பகம் சுமார் 3 கோடி ஆவணங்களை வைத்திருக்கிறது. அது ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டதே 2007-இல்தான்.

இன்று ஒருவர் இதே தேடலைத் தொடங்கினால் எச்சில் குழாயோடு தொடங்குவார். யூதப் பூர்வீகம் உண்டா என்பதற்கு மரபணுச் சோதனை ஒரு மாதத்தில் விடை சொல்லும். அதற்கு மேல் குழப்பம்தான். இன்றைய அஷ்கெனாசி யூதர்கள் ஏறத்தாழ 350 பேர் அளவுக்குச் சுருங்கிய ஒரு மக்கள்தொகையிலிருந்து, 600 முதல் 800 ஆண்டுகளுக்குள் பெருகியவர்கள் என்கிறது 2014-இல் வெளியான மரபணு ஆய்வு. எல்லோரும் எல்லோருக்கும் பல வழியில் உறவு. மாமன் அக்காள் மகளை மணப்பதை யூதச் சட்டம் அனுமதிக்கிறது. மதுரைப் பக்கத்துக் குடும்ப மரம் வரைந்து பார்த்தவருக்கு, ஒரே ஆள் இரண்டு கிளையில் உட்காரும் சிக்கல் புதிதாகத் தோன்றாது. சோதனை நிறுவனம் மூன்றாம் தலைமுறைப் பங்காளி என்று காட்டுபவர் ஆறாம் தலைமுறையாகவும் இருக்கலாம். கேர்பெல் குடும்பத்தைக் கண்டுபிடித்தது தாளும் வாய்மொழியும். இன்றும் அதுவே வேகமான வழி.

தெரியாதா, தெரிந்துகொள்ளவில்லையா

செய்தி வெளியானபோது அமெரிக்காவில் எழுந்த விவாதம் வேறு திசையில் போனது. இவ்வளவு படித்தவருக்கு, கிழக்கு ஐரோப்பிய அரசியலையே பாடமாக நடத்தியவருக்கு, இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் சொன்ன விடை: பல ஆண்டாகக் கடிதங்கள் வந்தன, பல உளறல்கள், 1996 இறுதியில் வந்த ஒன்றில் மட்டும் பெயர்களும் ஊர்களும் பொருந்தின, அதற்குப் பிறகே நம்பத் தொடங்கினேன். நான் அதை நம்புகிறேன். நம்பாதவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: ஒருவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்குக் காப்பகத்தில் பதிவேடு கிடையாது. ஆய்வாளர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

அவர் தனி ஆளும் இல்லை. நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்டும் அதே 1937-இல் செக் நாட்டில் பிறந்தவர். அப்பா பாட்டா செருப்பு நிறுவனத்தின் மருத்துவர். குடும்பம் சிங்கப்பூருக்குத் தப்பி, அங்கிருந்து தாயும் பிள்ளைகளும் இந்தியா வந்து, தாய் டார்ஜிலிங்கில் பாட்டா கடையை நடத்தினார். தன் தாத்தா பாட்டிகள் நால்வரும் கொல்லப்பட்ட யூதர்கள் என்பதை ஸ்டாப்பர்ட் முழுமையாக அறிந்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஓர் உறவினர் மரம் வரைந்து காட்டியபோது.

பெற்றோர் ஏன் மறைத்தார்கள்? யோசெஃப் 1977-இலும் அன்னா 1989-இலும் இறந்துவிட்டார்கள். கணவர் போனபின் அன்னா 11 பக்கத்தில் தப்பிவந்த கதையை எழுதி வைத்திருந்தார். யோசெஃபின் தாள்களும் பெட்டிகளில் இருந்தன. ஆல்பிரைட் அவற்றையெல்லாம் வைத்து 2012-இல் தன் குடும்பத்தின் போர்க்கால வரலாற்றை எழுதினார். மதம் மாறியது பாதுகாப்புக்காகவா, நம்பிக்கையாலா, செக் தேசத்தோடு முழுதாகக் கரைந்துவிடும் ஆசையாலா என்ற கேள்வி அந்த நூலிலும் மகளுக்கு எஞ்சியே நிற்கிறது. 1941-இல் லண்டனில் இருந்த யாருக்கும் கேஸ் அறைகளைப் பற்றித் தெரியாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மாறியபோது அவர்களின் பெற்றோரில் மூவர் உயிரோடு இருந்தார்கள்.

1997 ஜூலையில் ஆல்பிரைட் பிராகுக்கு மறுபடி வந்தார். பின்கஸ் ஆலயத்துக்குப் போனார். இந்த முறை சுவரில் எந்த எழுத்தின்கீழ் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது: கேர்பெல், இரண்டு புள்ளியோடு. அர்னோஷ்டுக்கு எதிரே இருந்தது இறந்த நாள். ஓல்காவுக்கு எதிரே இருந்தது ரயில் ஏறிய நாள்.